பிளேட்லெட்டை உசுப்பாமல் ரத்தம் எடுப்பது எப்படி: வேலூர் வட்டார லேப்களுக்கு

பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில் ரிசல்ட் தப்பாக வந்தால் எல்லோரும் முதலில் மெஷினைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் மெஷின் மேல் குற்றம் இருக்காது. ஊசி ஏறிய விதம், டியூபைக் கலக்கிய விதம், சாம்பிள் வந்து சேர்ந்த பெட்டி, இவற்றில் ஏதோ ஒன்றில்தான் கோளாறு இருக்கும். காயம் பட்ட இடத்தில் கிளர்ந்தெழுவது பிளேட்லெட்டின் தொழில். நாம் குத்தும் ஊசியும் அதற்குக் காயம்தான்.

குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, ஆரணி என்று சுற்றுவட்டாரத்தில் ரத்தம் மட்டும் எடுத்து வேலூருக்கு அனுப்பும் கலெக்‌ஷன் சென்டர்கள் நிறைய. இது முதலில் அவர்களுக்கு. ரிப்போர்ட்டைப் படிக்கும் டியூட்டி டாக்டருக்குப் பின்பாதி உதவும்.

உள்ளே நடப்பது

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 முதல் 4.5 லட்சம் பிளேட்லெட் இருக்கும். அகலம் 2 முதல் 3 மைக்ரான். எலும்பு மஜ்ஜையில் உள்ள மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்லிலிருந்து பிய்ந்து வரும் துண்டு அது. அதற்கு உட்கரு கிடையாது, ஆயுள் 7 முதல் 10 நாள். உட்கரு இல்லை என்பதை நினைவில் வையுங்கள், ஆஸ்பிரின் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடையும் பிராஸ்டாசைக்ளினையும் விட்டுக்கொண்டே இருப்பதால் பிளேட்லெட் தட்டையாக, சும்மா மிதந்து போகும். சுவர் கிழிந்தால் கீழேயுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே தெரியும். அதன்மேல் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற ஒட்டுப்புரதம் படியும். ஓடிப்போகும் பிளேட்லெட் ஜிபி 1பி என்ற தன் கொக்கியால் அதைப் பிடித்து வேகம் குறையும். அடுத்து ஜிபி 6 கொலாஜனைத் தொடும். உள்ளே கால்சியம் ஏறும். தட்டு வடிவம் போய் முள் முளைத்த உருண்டையாகும்.

பிறகு பைகள் திறக்கும். அடர்த்தியான துகள்களிலிருந்து ஏடிபி (ADP), செரடோனின், கால்சியம் வெளியேறும். ஆல்ஃபா துகள்களிலிருந்து ஃபைப்ரினோஜென், வான் வில்லிபிராண்ட் காரணி, பிளேட்லெட் காரணி 4 எல்லாம் கொட்டும். சவ்விலிருந்து பிரிந்த அராகிடோனிக் அமிலத்தை காக்ஸ்-1 என்ஸைம் கையாண்டபின் திராம்பாக்ஸேன் ஏ2 உருவாகும். ஏடிபியும் திராம்பாக்ஸேனும் அக்கம்பக்கத்து பிளேட்லெட்டுகளையும் எழுப்பும். எல்லாவற்றிலும் பலமான தூண்டுகோல், ரத்தத்தை உறையவைக்கும் திராம்பின் என்ற என்ஸைம். கடைசியில் ஜிபி 2பி/3ஏ என்ற ஏற்பி விரிந்து ஃபைப்ரினோஜெனைப் பிடிக்கும். ஒரு ஃபைப்ரினோஜெனின் இரு முனையையும் இரண்டு பிளேட்லெட் பிடித்தால் கட்டி ஆரம்பம்.

லேப்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. சிவப்பணுவுக்குள்ளும் ஏடிபி உண்டு. சிவப்பணு உடைந்த சாம்பிளில் பிளேட்லெட் ஏற்கெனவே உசுப்பப்பட்டிருக்கும். ஊசியை உள்ளேயே திருப்பித் திருப்பித் தேடினால் திசுச்சாறு ரத்தத்தில் கலந்து திராம்பினைக் கிளப்பும். ஒருமுறை பை காலியான பிளேட்லெட் பிறகு தூண்டினாலும் மந்தமாகவே பதில் சொல்லும். அதனால்தான் அதிகமாக உசுப்பப்பட்ட சாம்பிள், ரிப்போர்ட்டில் ‘வேலை செய்யவில்லை’ என்று தலைகீழாக வருகிறது.

ஊசி எடுக்குமுன் கேட்க வேண்டியது

"ஆஸ்பிரின் போடுறீங்களா?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "இல்லீங்க" என்பார்கள். "மூட்டு வலிக்கோ தலைவலிக்கோ மெடிக்கல்ல ஏதாவது வாங்கிப் போட்டீங்களா, ஹார்ட்டுக்கு மாத்திரை உண்டா?" என்று கேளுங்கள். அப்போதுதான் எகோஸ்பிரின், டிஸ்பிரின், காம்பிஃப்ளாம், வோவெரான் எல்லாம் வெளியே வரும். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து காட்பாடியில் வந்திறங்கி லாட்ஜில் தங்கியிருப்பவர்களிடம் மொழி தடுக்கும். மாத்திரை அட்டையையே எடுத்துக் காட்டச் சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், பிராசுக்ரெல் போன்றவற்றின் தாக்கம் இல்லாமல் பார்க்க வேண்டுமானால் 10 நாள் இடைவெளி வேண்டும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைக்கு 3 நாள் போதும். ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்வது லேபின் வேலை அல்ல. ஸ்டென்ட் வைத்தவர் டெஸ்டுக்காக மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். எந்த மாத்திரை, கடைசியாக எப்போது போட்டது என்று ரிக்விசிஷனில் எழுதிவிட்டு, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.

வெறும் வயிற்றில் வரச் சொல்வது நல்லது. முந்தின இரவு ஆம்பூர் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு, காலையில் வடையும் சாப்பிட்டு வந்தால் பிளாஸ்மா பால்போல் கலங்கியிருக்கும். ஒளி ஊடுருவலை அளக்கும் டெஸ்டுக்கு அது ஆகாது. காபி, டீ குடித்து 2 மணி நேரம், சிகரெட் பிடித்து 30 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் விறுவிறுவென்று நடந்து வந்தவரை 15 நிமிடம் உட்கார வைத்த பிறகே கையைப் பிடியுங்கள்.

ரத்தம் எடுப்பது

முழங்கை மடிப்பில் நல்ல நரம்பாகப் பாருங்கள். பெரியவர்களுக்கு 21 கேஜ் ஊசி. அதைவிட மெல்லிசான ஊசியில் ரத்தம் நெருக்கிப் பாயும், அந்த உராய்வே தூண்டுகோல். குழந்தைகளுக்கு 23 கேஜ் தவிர்க்க முடியாது; போட்டால் அதைச் சீட்டில் குறியுங்கள்.

டூர்னிக்கெட்டைத் தளர்வாகக் கட்டுங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ரத்தம் வர ஆரம்பித்ததும் அவிழ்த்துவிடலாம். கையை மூடி மூடித் திறக்கச் சொல்லும் பழக்கமும், நரம்பு தெரிய ஓங்கித் தட்டும் பழக்கமும் இந்த டெஸ்டுக்கு வேண்டாம்.

முதல் 3, 4 மில்லியில் தோலிலும் திசுவிலும் பட்ட ரத்தம் இருக்கும். அதைச் சிவப்பு மூடியுள்ள சாதா டியூபில் விடுங்கள், பயோகெமிஸ்ட்ரிக்கு உதவும். அதன்பிறகு, கால்சியத்தைப் பிடித்து ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் உள்ள நீல மூடி டியூப். இடிடிஏ உள்ள ஊதா மூடி டியூப் கடைசியில்தான். ஊதா டியூபை முன்னால் வைத்தால் ஊசியில் ஒட்டிய இடிடிஏ துளி சிட்ரேட் டியூபுக்குள் போய்விடும். அந்தத் துளியே கால்சியத்தைப் பிடித்து ரிசல்ட்டைக் கெடுக்கப் போதும்.

சிட்ரேட் 3.2% ஆக இருக்கட்டும். பழைய 3.8% டியூப் அலமாரியில் மிச்சம் இருந்தால் இதற்குப் போடாதீர்கள். விகிதம் ரத்தம் 9, சிட்ரேட் 1. அதாவது 0.3 மில்லி சிட்ரேட் உள்ள டியூபில் 2.7 மில்லி ரத்தம், கோடு வரை. கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டால் சிட்ரேட் கூடுதலாகி கால்சியம் குறைந்து, பிளேட்லெட் ஒட்டாததுபோல் தெரியும். பாதி டியூபை இன்னொரு பாதி டியூபோடு சேர்த்து ஒரே டியூபாக்கினாலும் இதே சிக்கல்தான்.

பிறவி இதயக் கோளாறால் நீலம் பாய்ந்தவர்களுக்கு ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 55%-க்கு மேல் இருக்கும். அவர்களின் ரத்தத்தில் பிளாஸ்மா குறைவு. வழக்கமான அளவு சிட்ரேட் அவர்களுக்கு அதிகம். கணக்கு இது: 0.00185 × (100 − ஹெமடோக்ரிட்) × ரத்தத்தின் மில்லி. ஹெமடோக்ரிட் 60 என்றால் 2.7 மில்லிக்கு 0.2 மில்லி சிட்ரேட் போதும். மீதி 0.1 மில்லியை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

சிரிஞ்சில் எடுத்தால் பிஸ்டனை மெல்ல இழுங்கள். டியூபில் விடும்போது ஊசியைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக வழியவிடுங்கள்; ஊசி வழியே அழுத்திப் பீய்ச்சினால் சிவப்பணு உடையும். பூச்சில்லாத கண்ணாடி டியூபும் கூடாது, அந்தப் பரப்பே பிளேட்லெட்டை எழுப்பும். நிரம்பியதும் 4, 5 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கவே கூடாது. நரம்பு தவறிவிட்டால் அதே இடத்தில் தேடாமல் புது ஊசியோடு அடுத்த கைக்குப் போங்கள்.

ஐஸ் பெட்டி வேண்டாம்

சாம்பிள் என்றாலே ஐஸ் பெட்டி என்று கை பழகியிருக்கிறது. பல டெஸ்டுக்கு அது சரி, பிளேட்லெட்டுக்கு நேர் எதிர். குளிர்ந்தால் பிளேட்லெட் தன் தட்டு வடிவத்தை இழந்து முள் நீட்டிவிடும். ரத்த வங்கியில் பிளேட்லெட் பைகளை ஃபிரிட்ஜில் வைக்காமல் 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே 5 நாள் வைத்திருப்பதும் இதனால்தான்.

அதற்காக வேலூர் கத்திரி வெயிலில் டூவீலர் டிக்கியில் போட்டுக்கொண்டு வருவதும் சரியாகாது. ஏசி அறையில் வைத்திருந்த இரண்டு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தெர்மோகோல் பெட்டியில் போட்டு, நடுவே டியூபை நிமிர்த்தி நிறுத்துங்கள். ஜெல் பேக் வேண்டாம். டியூப் மூடியைத் திறக்கக் கூடாது; கரியமில வாயு வெளியேறி பிஎச் மாறிவிடும். பஸ்ஸில் வந்தால் பின் சக்கரத்துக்கு மேலுள்ள சீட்டைத் தவிர்த்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் சாம்பிளைக் காற்றழுத்தக் குழாயில் சுடுவார்கள். இந்த டியூபை மட்டும் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

எடுத்த நேரத்திலிருந்து 4 மணி நேரத்துக்குள் டெஸ்ட் முழுதும் முடிந்திருக்க வேண்டும். குடியாத்தத்திலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ இது நடக்கும். ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து சாம்பிளை அனுப்பாதீர்கள், ஆளை அனுப்புங்கள்.

லேபுக்கு வந்தபின்

15 நிமிடம் அப்படியே நிற்கட்டும். பிறகு 200 ஜி விசையில் 10 நிமிடம், பிரேக் போடாமல். உங்கள் சென்ட்ரிஃப்யூஜில் ஆர்பிஎம் மட்டும்தான் காட்டும் என்றால் கணக்குப் போடுங்கள்: ஜி = 0.00001118 × ஆரம் × ஆர்பிஎம் × ஆர்பிஎம். ஆரம் சென்டிமீட்டரில், அச்சிலிருந்து டியூபின் அடி வரை. 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள மெஷினில் 200 ஜி என்பது ஏறக்குறைய 1,100 ஆர்பிஎம். பக்கத்து லேபில் சொன்ன ஆர்பிஎம்மை அப்படியே போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. அவர்கள் மெஷினின் ஆரம் வேறு.

மேலே நிற்கும் பிளாஸ்மாவில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் பிளாஸ்டிக் பிப்பெட்டால் எடுங்கள். வெள்ளணுப் படலத்தைத் தொடக் கூடாது. மிச்சத்தை 1,500 ஜி-யில் 15 நிமிடம் சுற்றினால் பிளேட்லெட் இல்லாத தெளிந்த பிளாஸ்மா கிடைக்கும். அதே மெஷினில் அது சுமார் 3,000 ஆர்பிஎம்.

அளக்கும் முறை 1962-ல் குஸ்தாவ் பார்ன் விவரித்தது. கலங்கிய பிளாஸ்மாவை 37 டிகிரியில் கலக்கிக்கொண்டே தூண்டியை விட்டால், பிளேட்லெட் கட்டி கட்டியாகச் சேரச் சேர பிளாஸ்மா தெளியும், ஒளி கூடுதலாக ஊடுருவும்; அதை மெஷின் வளைகோடாக வரையும். வழக்கமான தொடக்க அளவுகள்: ஏடிபி 2 மைக்ரோமோலார், கொலாஜன் மில்லிக்கு 2 மைக்ரோகிராம், அராகிடோனிக் அமிலம் 1 மில்லிமோலார், எபிநெஃப்ரின் 5 மைக்ரோமோலார், ரிஸ்டோசெடின் (வான் வில்லிபிராண்ட் காரணியை ஜிபி 1பி-யோடு ஒட்டவைக்கும் தூண்டி) மில்லிக்கு 1.2 மில்லிகிராம். எபிநெஃப்ரினுக்கு மட்டும் பதில் இல்லையென்றால் பதற வேண்டாம். நோயில்லாதவர்களிலும் சிலருக்கு அப்படித்தான் இருக்கும். தயாரித்த பிளாஸ்மாவில் கவுண்ட் 1.5 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த வளைகோட்டை நம்பி எதுவும் சொல்ல முடியாது.

கவுண்ட் திடீரென்று 38,000

இது எல்லா லேபிலும் வரும். சிபிசியில் (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்டில்) பிளேட்லெட் 38,000. ஆளோ தெம்பாக உட்கார்ந்திருக்கிறார், உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. போனில் "கிரிட்டிக்கல்" என்று சொல்வதற்கு முன், ஸ்லைடில் ரத்தத்தைத் தேய்த்து ஸ்மியர் போடுங்கள்.

முதலில் ஒரு குச்சியால் டியூபைத் துழாவி உறைகட்டி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஸ்லைடின் வால் பகுதிக்குப் போங்கள். கட்டிகள் அங்கேதான் ஒதுங்கும். நடுப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு "குறைவுதான்" என்று எழுதுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். சிலருடைய ரத்தத்தில் ஒரு எதிர்ப்பொருள் இருக்கும். இடிடிஏ கால்சியத்தை உருவியதும் ஜிபி 2பி/3ஏ-யில் மறைந்திருந்த பகுதி வெளிப்பட, அது அங்கே ஒட்டி பிளேட்லெட்டுகளைக் கட்டியாக்கும். இது டியூபுக்குள் மட்டும் நடப்பது, உடம்பில் அல்ல. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு உண்டு. நேரம் போகப் போகக் கட்டி பெருக்கும் என்பதால், காலையில் எடுத்து மதியம் ஓட்டிய சாம்பிளில் கவுண்ட் இன்னும் கீழே இறங்கியிருக்கும்.

சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து உடனே ஓட்டி, வந்த எண்ணை 1.1 ஆல் பெருக்குங்கள். சிட்ரேட்டில் 1,70,000 என்றால் உண்மையில் 1,87,000. கைக்கணக்குக்கு, எண்ணெய் லென்ஸில் 10 புலங்களில் எண்ணிச் சராசரியை 15,000 ஆல் பெருக்கலாம். சராசரி 12 என்றால் 1.8 லட்சம். ரிப்போர்ட்டில் ‘இடிடிஏ-வில் கட்டி சேர்கிறது, அடுத்தமுறை சிட்ரேட்டில் எடுக்கவும்’ என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர் அடுத்த ஆஸ்பத்திரியில் தேவையில்லாமல் ஸ்டீராய்டோ பிளேட்லெட் பாட்டிலோ வாங்கிக்கொள்ள நேரும்.

ரிசல்ட்டும் நோயும்

ஏடிபி, கொலாஜன், அராகிடோனிக் அமிலம், எபிநெஃப்ரின் நான்குக்கும் கோடு அசையாமல், ரிஸ்டோசெடினுக்கு மட்டும் பதில் வந்தால் கிளான்ஸ்மன் நோய். ஜிபி 2பி/3ஏ இல்லை. கவுண்டும் உருவமும் சரியாகவே இருக்கும். இதற்கு நேர் எதிர் பெர்னார்ட்-சோலியர்: ரிஸ்டோசெடினுக்கு மட்டும் பதில் இல்லை, கவுண்ட் குறைவு, பிளேட்லெட் பெரிசு பெரிசாக இருக்கும். மெஷின் அவற்றைச் சிவப்பணு என்று எண்ணிவிடுவதும் உண்டு. நல்ல பிளாஸ்மா சேர்த்தால் ரிஸ்டோசெடின் பதில் திரும்பினால் வான் வில்லிபிராண்ட் நோயை யோசியுங்கள், திரும்பாவிட்டால் பெர்னார்ட்-சோலியர். கிளான்ஸ்மன், பெர்னார்ட்-சோலியர் என்ற பிறவி நோய்கள் இரண்டுமே பெற்றோர் இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் பொதுவாக வெளிப்படும். சிறுவயதிலிருந்தே மூக்கில் ரத்தம், ஈறில் ரத்தம், வயதுக்கு வந்த பெண்ணுக்கு நிற்காத உதிரப்போக்கு என்றால், பெற்றோர் அக்கா மகள், மாமன் மகள் உறவில் கட்டியவர்களா என்று கேட்டு எழுதுங்கள்.

அராகிடோனிக் அமிலத்துக்கு மட்டும் பதில் செத்திருந்தால் பிறவி நோயைத் தேடாமல் ஆஸ்பிரினைத் தேடுங்கள். ஆஸ்பிரின் ரத்தத்தில் நெடுநேரம் நிற்பதில்லை; 15, 20 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் அதற்குள் காக்ஸ்-1 என்ஸைமை நிரந்தரமாகப் பூட்டிவிடும். உட்கரு இல்லாத பிளேட்லெட்டால் புது என்ஸைம் செய்ய முடியாது, சாகும்வரை அப்படியேதான். அதனால்தான் தினம் 75 மில்லிகிராம் போதுமாகிறது. இதயக் குழாயில் கொழுப்புப் படிவு வெடித்தால் அங்கும் கொலாஜன் தெரியும். அது கையில் பட்ட வெட்டா, மாரடைப்பின் தொடக்கமா என்று பிளேட்லெட்டுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. குளோபிடோக்ரெல் ஏடிபியின் பி2ஒய்12 ஏற்பியை அடைக்கும், ஆனால் முதலில் கல்லீரல் அதை மாற்றித் தர வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் என்ஸைம் மரபிலேயே மந்தமாக இருப்பவர்கள் நம் மக்களில் கணிசம். ஒமிப்ரஸோல் போட்டாலும் அந்த வேலை தடைபடும்.

டெங்குவில் வைரஸாலும் எதிர்ப்பொருளாலும் பிளேட்லெட் தூண்டப்பட்டு வேகமாக அழியும், மஜ்ஜையின் உற்பத்தியும் சுருங்கும். மிச்சமிருப்பவையும் பாதி செலவானவை என்பதால் கவுண்ட் மட்டும் கதை சொல்லாது. ரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000-க்குக் கீழே போகும்வரை பிளேட்லெட் ஏற்றுவது பொதுவாகத் தேவைப்படாது. ஹெமடோக்ரிட் 20% ஏறினால் அதுதான் அவசரம்: பிளாஸ்மா குழாயிலிருந்து கசிகிறது என்று அர்த்தம். கவுண்ட், ஹெமடோக்ரிட் இரண்டையும் ஒரே வரியில் எழுதிக் கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறெதுவும் வேண்டாம்.

ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) தொடங்கி 5 முதல் 10 நாளில் கவுண்ட் பாதிக்கு மேல் இறங்கினால் வார்டுக்கு உடனே போன் செய்யுங்கள். ஹெப்பாரினும் பிளேட்லெட் காரணி 4-ம் சேர்ந்த கூட்டின் மேல் எதிர்ப்பொருள் உருவாகி, அது பிளேட்லெட்டையே உசுப்பும். இங்கே கவுண்ட் குறைகிறது, ஆனால் ஆபத்து கசிவில் இல்லை, ரத்தக் கட்டியில் இருக்கிறது. ஹெப்பாரினை நிறுத்துவதே முதல் வேலை; கேனுலாவைக் கழுவும் ஹெப்பாரின் தண்ணீரும் அதில் சேர்த்தி.

இயல்புக்கு மாறான வளைகோடு எதுவாக இருந்தாலும் சில வாரம் கழித்துப் புது சாம்பிளில் திரும்பப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் மட்டும் ரிப்போர்ட்டில் நோயின் பெயரைப் போடலாம். முதல் ரிப்போர்ட்டில், எடுத்த நேரம், ஓட்டிய நேரம், ஊசியின் கேஜ், கடைசியாகப் போட்ட மாத்திரை, பிளாஸ்மாவின் கவுண்ட் ஆகிய ஐந்தும் வளைகோட்டுக்குக் கீழேயே அச்சாகியிருக்கட்டும்.